விதைநெல்லும் கைமுதலும்

எமது கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தின் பின்தாழ்வாரத்தில், தறப்பாளால் மூடிக் கட்டப்பட்டு, மா அரைக்கும் மெசின் ஒன்று கிடக்கின்றது. 2009 ஆம் ஆண்டின் இடம்பெயர்வுக்கும் முகாம் வாழ்வுக்கும் பின்னர் நாம் ஊர் திரும்பிய காலத்தில், வாழ்வாதார உதவியாக அது எமக்குக் கிடைத்தது. ஒன்பது குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா ஆகியவற்றை அரைத்துப் பொதி செய்து விற்பதென முடிவெடுத்தோம். நாடா வெட்டினார்கள், மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். இரண்டாவது மாரி கழியுமுன் மெசின் நின்றுவிட்டது.

இதை வாசிப்போர் பலருடைய ஊர்களிலும் இப்படி ஒன்று இருக்கும். மெசின் இல்லாவிட்டால் வெறுமையான கோழிக்கூடு. அதுவும் இல்லாவிட்டால் துருப்பிடித்த தையல் மெசின். "ஒழுங்காகத் தரவில்லை" என்று நாம் சொல்கிறோம். "தந்ததைக் காப்பாற்றத் தெரியாதவர்கள்" என்று தந்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பேச்சிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டினாலும் மெசின் ஓடப்போவதில்லை.

ஆதலால் எமது தோல்வியை மறைக்காமல் எழுதத் துணிந்தோம். ஒரு தொழிலைத் தொடங்குவோர் அதன் முதலாவது வருடத்தில் என்னென்ன பழக்கங்களைப் பழகுகிறார்களோ, அவற்றின் மீதே அத்தொழில் நிற்கும் என்பது எமது கருத்து. மெசினும் பெருந்தொகைப் பணமும் அதற்குப் பின்னர் வரவேண்டியவை.

நாம் தவறிய இடங்கள்

முதல் ஐந்து மாதமும் வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. எமது தூளில் கலப்படம் இல்லை என்று சனங்கள் தேடி வந்தார்கள். சந்திக் கடைகள் எல்லாவற்றுக்கும் கொடுத்தோம். "விற்றபிறகு காசு தாறோம்" என்றார்கள், சரி என்றோம். உறவுக்காரர் கேட்டால் மறுக்க முடியவில்லை. "பிறகு தாறன் அக்கா" என்பது எமது ஊரில் ஒரு விலையாகவே ஆகிவிட்டது.

வந்த காசை ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டு வைத்தோம். ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம். இன்னொரு வீட்டில் செத்தவீடு. இவற்றுக்கு எடுத்தது பிழையென்று யார் சொல்வார்? எடுத்தவர் திருப்பி வைக்கும் எண்ணத்துடனேயே எடுத்தார். ஆனால் எவ்வளவு எடுத்தார் என்பது எழுதப்படவில்லை. கணக்கு முழுவதும் ஒருவரின் தலைக்குள்ளேயே இருந்தது.

மிளகாய் விலை ஏறியதும், காம்பும் வெளிறிய மிளகாயும் சேர்த்து விலை குறைந்த இரண்டாந்தரத் தூள் ஒன்றை அரைத்தோம். முதல்தரத்தை வாங்கிப் பழகியவர்கள் இரண்டாந்தரத்தைக் கண்டு, "இப்ப இவையின்ர தூள் முந்தின மாதிரி இல்லை" என்றார்கள். அதன்பின் இரண்டும் விலைப்படவில்லை. மாரி வந்தது, மிளகாய் காயவில்லை, இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். கடைசியில் மோட்டார் எரிந்தது. அதைத் திருத்தத் தகரத்தில் காசு இருக்கவில்லை. தந்த நிறுவனம் வந்து திருத்தித் தரும் என்று காத்திருந்தோம். அவர்களுடைய திட்டக்காலம் முடிந்து அவர்கள் போய்விட்டது எமக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதன்பின் ஒரு குடும்பம் மற்றக் குடும்பத்தோடு கதைக்காமல் விட்ட காலமும் உண்டு. மெசின் பழுதானதைவிட அதுவே எமக்குப் பெரிய நட்டம்.

விவசாயிக்குத் தெரிந்த ஒன்று

பின்னாளில் யோசித்தபோது எமக்கே வெட்கமாக இருந்தது. ஏனெனில் நாம் வயல் செய்தவர்கள். எந்தப் பஞ்சத்திலும் விதைநெல்லைக் குற்றிச் சோறாக்காத வீடுகளில் பிறந்தவர்கள். அடுத்த காலபோகத்துக்கென்று கட்டி வைத்த சாக்கில் கைவைக்கக்கூடாது என்பது எமது பிள்ளைகளுக்கும் தெரியும். தொழிலின் கைமுதல் என்பதும் விதைநெல்தான். அதை நாம் பிஸ்கற் தகரத்தில் இருந்து எடுத்து உண்டுவிட்டோம்.

ஏன் இப்படி நடந்தது? நாம் கெட்டவர்கள் என்பதால் அல்ல. இடம்பெயர்வு எமக்கு வேறொரு பாடத்தைக் கற்பித்திருந்தது. நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாதவனுக்குச் சேமிப்பு ஒரு சுமை. தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதே சொத்து. இன்றைக்குக் கையில் உள்ளதை இன்றைக்கே பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதே புத்தி. அரிசிக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்ற நாட்களில், அடுத்தது என்ன என்பதை எம்மைத் தவிர வேறு எல்லோரும் தீர்மானித்தார்கள். அந்த வாழ்க்கைக்கு அந்தப் பழக்கம் சரியானதே. அதனாலேதான் உயிர் தப்பினோம். ஆனால் அதே பழக்கத்துடன் ஒரு தொழிலை நடத்த முடியாது. ஊருக்குத் திரும்புவதற்கு லொறி வந்தது. ஆனால் எமது மனம் விதைநெல் கட்டிய காலத்துக்குத் திரும்பப் பல வருடங்கள் எடுத்தன.

ஏழு பெண்களும் எண்பது ரூபாவும்

இவ்விடத்தில் வேறொரு தொடக்கத்தைச் சொல்ல விரும்புகிறோம். அது எமது நாட்டில் நடந்ததன்று; இந்தியாவின் பம்பாய் நகரில், இன்று மும்பாய் எனப்படும் ஊரில் நடந்தது. 1959 மார்ச் 15 ஆம் திகதி, கிர்காம் பகுதியில் உள்ள ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடினார்கள். ஏழு பேரும் குடும்பப் பெண்கள். வீட்டு வருமானம் போதவில்லை; கைக்குத் தெரிந்த தொழில் சமையல் ஒன்றே. சகன்லால் கரம்சி பரேக் என்ற சமூகத் தொண்டரிடம் எண்பது ரூபாவைக் கடனாகப் பெற்று, உழுந்தும் மற்றப் பொருட்களும் வாங்கி, அப்பளம் உருட்டினார்கள். அன்று முழுநாளும் உழைத்துச் செய்தது நான்கு பக்கற். அறிந்த ஒரு வியாபாரிக்கு அவற்றை விற்றார்கள்.

இன்று 'லிஜ்ஜத் பாப்பட்' என்று உலகின் பல நாடுகளில் விற்பனையாகும் அப்பளத்தின் தொடக்கம் அதுவே. அதன் உறுப்பினராக உள்ள பெண்களின் தொகை நாற்பதினாயிரத்துக்கும் மேல். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அவர்களுக்கு 2021 இல் இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியது.

இக்கதையைச் சொல்வோர் எண்பது ரூபாவையும் நாற்பதினாயிரம் பேரையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நடுவில் இருந்த முதலாவது வருடத்தைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. எமக்குப் பயன்படுவது அந்த வருடமே.

முதலாவது, அவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்தார்கள்: நட்டம் வந்தாலும் எவரிடமும் நன்கொடை கேட்பதில்லை. கடன் வாங்கலாம், தானம் வாங்குவதில்லை. எமது மோட்டார் எரிந்தபோது நாம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கிறோம்.

இரண்டாவது, தரம். அவர்களும் எம்மைப் போலவே இரண்டு தர அப்பளம் செய்தார்கள்; தரம் குறைந்ததை மலிவாக விற்கலாம் என்று எண்ணினார்கள். கடன் கொடுத்த பரேக் அவர்களோ ஒரே தரமே செய்யுங்கள், அதில் ஒருபோதும் விட்டுக்கொடாதீர்கள் என்று புத்தி சொன்னார். ஒழுங்காகக் கணக்கு வைத்து, இதை ஒரு வியாபாரமாகவே நடத்த வேண்டும் என்றும் வற்புறுத்தினார். பணத்துடன் இந்தப் புத்தியும் சேர்ந்து வந்ததே அவர்களுடைய பாக்கியம். உடைந்த அப்பளங்களை அவர்கள் விற்கவில்லை, அயலவருக்குக் கொடுத்தார்கள்.

மூன்றாவது, மழை. பம்பாயின் மழைக்காலத்தில் அப்பளம் காயாததால் முதல் வருடம் நான்கு மாதம் வேலையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம். கட்டிலின் கீழே அடுப்பு. மழையிலும் வேலை நடந்தது. இதற்கு எந்தப் பொறியியலாளரும் வரவில்லை. ஒரு முறை நின்ற இடத்தில் மறுமுறை நிற்கக்கூடாது என்று ஏழு பேர் இருந்து யோசித்தார்கள், அவ்வளவே. போயிலைக் குடிலில் புகைபோட்டுப் போயிலை உலர்த்தத் தெரிந்த எமக்கு, மாரியில் மிளகாய் உலர்த்த ஒரு வழி தோன்றாமற் போனது ஏன்? யோசிக்க எவரும் கூடவில்லை என்பதே காரணம்.

நான்காவது, காசு. லிஜ்ஜத்தில் அப்பளம் உருட்டும் பெண்ணுக்கு அன்றன்றைய உருட்டுக்கூலி அன்றன்றே கிடைக்க வேண்டும் என்பது வழக்கம். ஆதலால் அப்பளத்தை எடுத்துச் செல்லும் விநியோகத்தரும் பொருளைப் பெறும்போதே காசைக் கட்ட வேண்டும். கடனுக்குக் கொடுத்தால் யாருடைய கூலி தாமதமாகும் என்பது அவர்களுக்குக் கண்முன்னே தெரிந்தது. நாம் கடைக்காரருக்கு இரங்கியபோது, எமது பெண்களின் கூலியில் இருந்தே அந்த இரக்கத்தைக் காட்டினோம் என்பது எமக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது, வட்டத்தை விரித்தமை. மூன்று மாதத்தில் இருபத்தைந்து பெண்கள். மூன்றாவது வருடத்தில் முந்நூறுக்கும் மேல். மொட்டைமாடி போதாமற் போனதும், பிசைந்த மாவை வீட்டுக்குக் கொண்டுபோய் உருட்டி, மறுநாள் நிறுத்துக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஏழு பேர் முதலாளிகளாகவும் வந்தவர்கள் கூலிகளாகவும் ஆகவில்லை. வந்த ஒவ்வொருவரும் பங்காளி. இலாபமும் நட்டமும் பொது.

எல்லாம் வெற்றியாகவும் நடக்கவில்லை. 1961 இல் பம்பாயின் புறநகரான மலாட்டில் ஒரு கிளையைத் தொடங்கித் தோற்றார்கள். முதல் வருடம் முழுவதும் விற்றது 6,196 ரூபாவுக்கே. எண்ணிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு ஏறக்குறைய பதினேழு ரூபா விற்பனை. அந்தச் சிறிய தொகைக்கும் அவர்கள் கணக்கு எழுதினார்கள்.

1966 இல் சங்கமாகப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டில் இந்தியாவின் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு அவர்களை அங்கீகரித்து, எட்டு இலட்சம் ரூபாவைத் தொழில் முதலாக வழங்கியது. பெரிய பணம் வந்தது ஏழு வருடங்களுக்குப் பின்னர். அதற்குள் அதைத் தாங்கும் கைகள் பழகியிருந்தன. எமக்கோ பெரிய மெசின் முதல்நாளே வந்தது. அதைத் தாங்கும் பழக்கம் வரவேயில்லை.

"பம்பாய் வேறு, எமது ஊர் வேறு"

இவ்வாறு ஒருவர் மறுத்துரைப்பார். அவர் சொல்வது நியாயமே. அந்த ஏழு பேருக்கும் மேலே கூரை இருந்தது, வாசலில் பெருநகரச் சந்தை இருந்தது, ஷெல் விழவில்லை. எமக்கு வயல் போனது, மாடு போனது, சிலருக்குப் பிள்ளையும் போனது. காணி இன்னும் விடுவிக்கப்படாமல் இருப்போர் இன்றும் எம்மிடையே உள்ளனர். ஒரு பக்கற் மிளகாய்த்தூள் ஓர் ஏக்கர் வயலுக்கு ஈடாகாது. "சுயதொழில் தந்துவிட்டோம், இனிக் காணிப் பேச்சு எதற்கு?" என்று எவராவது சொன்னால் அதை நாம் ஏற்கக்கூடாது. காணிக்கான உரிமை வேறு, சிறுதொழில் வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறக்கச் செய்வது அநீதி.

ஆயினும் காணி வரும்வரை வயிறு காத்திருக்காது. அன்றியும், காணி வந்தபின்னும் கணக்கும் கூட்டுறவும் வேண்டியே இருக்கும். எனவே பம்பாயின் அப்பளத்தை நாம் பிரதி செய்ய வேண்டியதில்லை. அவர்கள் எதை முதலில் செய்தார்கள், எதைப் பின்னர் செய்தார்கள் என்ற ஒழுங்கையே கவனிக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லவேண்டும். மெசின் நின்றபின் எமது ஒன்பது குடும்பங்களில் மூன்று, வீட்டு வாசலுக்கே வந்த நுண்கடனில் அகப்பட்டன. ஒன்றை அடைக்க இன்னொன்று. அதை அடைக்கத் தோடு. வடக்கிலும் கிழக்கிலும் இது எத்தனை பெண்களை வருத்தியது என்பது வாசகர்களுக்குத் தெரியாததன்று. வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை 2018 இல் அரசே தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு நிலைமை முற்றியது. எண்பது ரூபாவும் கடன்தான். கிழமைக் கடனும் கடன்தான். ஆனால் முன்னதைத் தந்தவர் கணக்கைப் பார்க்கக் கேட்டார். பின்னதைத் தருவோர் கையெழுத்தை மட்டும் கேட்கிறார்கள். எதற்காக வாங்குகிறாய், எப்படிக் கட்டுவாய் என்று கேளாமல் தரப்படும் கடனை வாங்காமல் விடுவதே நல்லது.

தொழிலோடு ஆளும் வளரவேண்டும்

தொழில் தொடங்குவதென்றால் பொருள் செய்யத் தெரிந்தால் போதும் என்று நாம் நினைத்திருந்தோம். அது கால்பங்கு வேலை. கடை முதலாளியின் முகத்தைப் பார்த்துக் "காசு தந்தால்தான் சாமான்" என்று சொல்லவேண்டும். மச்சாளுக்குக் கடன் மறுத்துவிட்டு அன்று மாலையே அவளுடைய வீட்டுக்குப் போய் உறவைக் காக்க வேண்டும். கூடியிருப்போர் முன்னால் "இந்த முந்நூறு ரூபா எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். இவை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எமக்குச் சொல்லித் தரப்படவில்லை. அங்கே பொதி செய்வதும் விலைப்பட்டியல் எழுதுவதும் பழக்கினார்கள்.

எம்முள் ஒருவர் அதிகம் படித்தவர் அல்லர். எட்டாம் வகுப்போடு நின்றவர். முதல்முறை தொடங்கியபோது கூட்டங்களில் வாய் திறக்கமாட்டார். "அவையள் சொன்னால் சரி" என்பதே அவருடைய பேச்சு. இன்று எமது கணக்குக் கொப்பி அவருடைய கையில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை எம்மில் ஒருவர், "பிறகு எழுதுவம்" என்றபோது, "பிறகு என்றுதானே முந்தி மெசினை மூடினனாங்கள்" என்றார். நாம் பேசாமல் இருந்து எழுதினோம். தொழில் எம்மை வளர்த்ததா, நாம் தொழிலை வளர்த்தோமா என்று பிரித்துச் சொல்ல எமக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே வரப்பில் நடக்கின்றன என்று மட்டும் தெரிகிறது.

உதவி செய்வோருக்கு

உதவி செய்வோரின் நல்ல மனதை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் மூன்று விடயங்களைக் கேட்க விரும்புகிறோம். மெசினை முதல்நாளில் தராதீர்கள். ஒரு வருடம் கையால் செய்து, கணக்கு எழுதி, சந்தையைக் கண்டுகொண்ட குழுவுக்குத் தாருங்கள். இரண்டாவது, திறப்புவிழாவுக்கு வருவதைக் குறைத்து, இரண்டாவது மாரியில் வாருங்கள். அப்போதுதான் எமக்கு ஆள் தேவை. மூன்றாவது, எத்தனை மெசின் கொடுத்தோம் என்று அறிக்கை எழுதுவதோடு, மூன்று வருடத்தின் பின் எத்தனை ஓடுகின்றன என்றும் எழுதுங்கள்.

மீண்டும் ஒரு தொடக்கம்

கடந்த வருடம் எம்மில் ஆறு குடும்பங்கள் மறுபடி தொடங்கினோம். மெசினைத் தொடவில்லை. ஆளுக்கொரு தொகை போட்டு ஒரு மூடை செத்தல் மிளகாய் வாங்கினோம். அடுத்த ஊர் மில்லில் கூலிக்கு அரைக்கிறோம். ஒரே தரம், ஒரே விலை, காசு வைத்தால் பொருள். சந்திக் கடைகளில் இரண்டு மட்டுமே இதற்குச் சம்மதித்தன. இரண்டு போதும் என்று தொடங்கினோம். இப்போது நான்கு கடைகள் எடுக்கின்றன.

காசை மூன்றாகப் பிரிக்கிறோம். முதலில் அடுத்த மூடைக்கான காசு; அதற்கு 'விதைநெல்' என்றே கொப்பியில் பெயர் எழுதியிருக்கிறோம். அதில் எவரும், எதற்காகவும், கை வைப்பதில்லை. அடுத்தது அவரவர் கூலி. மீதி, சிறிதளவே ஆனாலும், ஆபத்துக்கு உதவும் பொதுக்காசு. செத்தவீட்டுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் அதில் எடுக்கலாம். எடுத்தவர் பெயரும் தொகையும் எல்லோர் முன்னும் எழுதப்படும். சென்ற மாரிக்கு முன், பழைய தகரம் போட்டு, கீழே அடுப்பு மூட்டக்கூடிய சிறு உலர்த்தும் கொட்டில் ஒன்றைப் போட்டோம். முதற் கிழமை மிளகாய் கருகிப் போனது. அடுப்பைத் தாழ்த்தி, மிளகாயைப் பரவும் தட்டியை உயர்த்தினோம். மாரி முழுவதும் வேலை நடந்தது.

வாசகர்களாகிய உங்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. உங்கள் ஊரிலும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து எதையாவது தொடங்க எண்ணினால், கைக்குத் தெரிந்ததில், கையளவில் தொடங்குங்கள். முதலில் வாங்கவேண்டிய சாமான் ஒரு கொப்பியும் பேனையும். கிழமைக்கு ஒருநாள் எல்லோரும் கூடியிருந்து அதை வாய்விட்டு வாசியுங்கள். சண்டை வந்தால் வரட்டும். கணக்கைப் பார்த்து வரும் சண்டை கணக்கோடு முடிந்துவிடும். கணக்கு இல்லாமல் வரும் சண்டை வருடக்கணக்கில் நீளும் என்பதை நாம் அனுபவித்தோம்.

மண்டபத்தின் பின்னால் மெசின் இன்னும் தறப்பாளுக்குள்தான் இருக்கிறது. மோட்டார் திருத்துவதற்கென்று கொப்பியில் தனிப் பக்கம் ஒன்று திறந்திருக்கிறோம். பாதித்தொகை சேர்ந்துவிட்டது. மீதி, வருகின்ற சிறுபோகத்துக்குள் சேரும் என்று எண்ணுகிறோம்.